டாப்-லோடு சலவை இயந்திரத்தில் தண்ணீர் குறைவாக நிரம்புவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடித் தொட்டியிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் பெறும் வீடுகளில் உள்ள முழுத் தானியங்கி டாப்-லோடு இயந்திரங்களைக் கருத்தில் கொண்டு இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளின் அமைப்பு இதுதான். இங்கே எழும் சிக்கல்களில் பாதிக்கு மேல், இயந்திரத்தைத் திறக்காமலே தீர்க்கக்கூடியவை.

மெஷினில் தண்ணீர் குறைவாக நிரம்புகிறது. எங்கிருந்து பார்க்கத் தொடங்க வேண்டும்?

முதலில் ஒரு முறை அருகில் நின்று, அது நிரம்புவதை முழுவதுமாகக் கவனிக்க வேண்டும். "தண்ணீர் சரியாக நிரம்பவில்லை" என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தில் சொன்னாலும், அதற்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. தண்ணீர் சன்னமாக ஒழுகி, நெடுநேரமாகியும் மட்டம் ஏறாமல், கடைசியில் திரையில் பிழைக்குறி தோன்றுவது ஒன்று. தண்ணீர் வேகமாகவே விழுந்தாலும், துணி நன்றாக நனைவதற்குள் நின்றுபோய்ச் சலவை தொடங்கிவிடுவது இரண்டாவது. சரியாக நிரம்பிய தண்ணீர் சற்று நேரத்தில் தானாகவே இறங்கிவிடுவது மூன்றாவது.

முதல் வகைக்குக் காரணம் பெரும்பாலும் இயந்திரத்துக்கு வெளியே, அல்லது தண்ணீர் உள்ளே நுழையும் வாயில் உள்ள வலையில் இருக்கும். இரண்டாவதற்கு நீர்மட்டத்தை அளக்கும் பகுதியையோ நாம் தேர்ந்தெடுத்த புரோகிராமையோ பார்க்க வேண்டும். மூன்றாவதற்கு வடிகால் பக்கம் போக வேண்டும். இப்படிப் பிரித்துப் பார்க்காமல் ஆளை அழைப்பதால்தான், தொட்டியின் கேட் வால்வு பாதி மூடியிருந்த வீட்டில்கூட பிசிபி போர்டை, அதாவது இயந்திரத்தை இயக்கும் மின்னணுப் பலகையை, மாற்றிவிட்டுப் போகிறார்கள். போர்டின் விலையைத் தெரிந்தவர்களுக்கு அந்த வருத்தம் புரியும்.

குளியலறையில் தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது. மெஷினுக்கு மட்டும் ஏன் போதவில்லை?

திறந்த குழாயில் விழும் நீரின் அளவும், இயந்திரத்துக்குள் தண்ணீரை விடும் இன்லெட் வால்வுக்குத் தேவைப்படும் அழுத்தமும் வேறு வேறு. தொட்டியின் நீர்மட்டத்துக்கும் இயந்திரத்தின் நீர்வாய்க்கும் இடையே உள்ள உயர வேறுபாடுதான் அழுத்தத்தை முடிவு செய்கிறது. 10 மீட்டர் உயர வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) கிடைக்கும். தொட்டி 500 லிட்டரா 2,000 லிட்டரா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமை விளங்கும். மேல்தளத்து வீட்டில், தரையிலிருந்து கூரை சுமார் 3 மீட்டர். தொட்டி மொட்டை மாடியில் அரை மீட்டர் மேடையில் நிற்கிறது. இயந்திரத்தின் நீர்வாய் தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆக, தொட்டியின் அடிப்பாகத்துக்கும் நீர்வாய்க்கும் உள்ள வேறுபாடு சுமார் 2.5 மீட்டர், அதாவது 0.25 பார். நம் சந்தையில் விற்கும் பல இயந்திரங்களின் கையேடுகள் குறைந்தது 0.3 அல்லது 0.5 பார் வேண்டும் என்கின்றன. குழாயின் வளைவுகளிலும் உட்புறத்து உப்புப் படிவிலும் இன்னும் கொஞ்சம் குறையும். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் 5.5 மீட்டர் வேறுபாடு இருப்பதால், அதே இயந்திரம் அங்கே ஒரு சிக்கலும் இல்லாமல் ஓடும். மேல்தளத்துக்குக் குடிமாறிய பிறகு "மெஷின் கெட்டுவிட்டது" என்று நினைக்கிறவர்கள் பலருக்கு நடப்பது இதுதான். தொட்டி நிறைந்திருக்கும் காலையில் ஓடிய இயந்திரம் மாலையில் முரண்டு பிடித்தாலும் காரணம் இதுவே.

அழுத்தம் போதுமா என்பதை வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

இயந்திரத்தின் பின்புறம் மாட்டியிருக்கும் ஹோஸின் முனையைக் கழற்றி, அதை ஒரு வாளிக்குள் விட்டு, குழாயை முழுவதும் திறந்து, ஒரு நிமிடத்தில் எத்தனை லிட்டர் விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஹோஸின் முனையை இயந்திரத்தின் நீர்வாய் இருக்கும் அதே உயரத்தில் பிடிப்பது அவசியம். தரையில் வைத்துப் பார்த்தால் உண்மையைவிட நல்ல அளவு காட்டும்.

நிமிடத்துக்கு 10 லிட்டர் அளவில் விழுந்தால் வெளிப்புறத்தில் குறை இல்லை என்று கொள்ளலாம். 3 லிட்டருக்கும் குறைவாக விழுந்தால், 50 லிட்டர் மட்டம் வரை நிரம்புவதற்கே கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். பல இயந்திரங்கள் அதற்குள் பொறுமையிழந்து பிழைக்குறி காட்டிவிடும். இடைப்பட்ட அளவானால், முதலில் வலையைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி இயக்கிப் பாருங்கள்.

எந்த வலை? அதை எப்படிச் சுத்தம் செய்வது?

ஹோஸை இயந்திரத்தில் திருகும் இடத்தில், நீர்வாய்க்குள் விரல்நுனி அளவில் ஒரு சிறிய பிளாஸ்டிக் வலை இருக்கும். சில ஹோஸ்களில் குழாய்ப் பக்க முனையிலும் இன்னொன்று இருக்கும். தண்ணீர் சன்னமாக விழும் புகார்களில் முதல் குற்றவாளி இந்த வலைதான். ஆனாலும் வாங்கிய நாள் முதல் ஒரு முறைகூட இதைப் பார்க்காத வீடுகளே அதிகம்.

பவர் பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, ஹோஸைக் கழற்றுங்கள். ஹோஸில் தங்கியிருக்கும் தண்ணீர் கொட்டும் என்பதால் கீழே ஒரு பாத்திரம் வையுங்கள். வலையின் நடுவில் ஒரு சிறு மேடு தெரியும். அதை மூக்குக் குறடால் பிடித்து நேராக வெளியே இழுத்தால் வந்துவிடும். திருகவோ நெம்பவோ கூடாது, விளிம்பு உடைந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் என்ன அடைத்திருக்கிறது என்பதே தண்ணீரின் கதையைச் சொல்லும். லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகளில் நுண்மணலும் செம்மண் படிவும் இருக்கும். போர் தண்ணீர் வீடுகளில் வலையின் கண்களை வெள்ளை உப்பு மூடியிருக்கும். அண்மையில் பிளம்பிங் வேலை நடந்திருந்தால், மரையில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் துணுக்குகள் சுருண்டு ஒட்டியிருக்கும். இந்த மூன்றாவது வகையைப் பலர் எதிர்பார்ப்பதே இல்லை.

மணலும் மண்ணும் பழைய பல்துலக்கியால் தேய்த்தாலே போய்விடும். உப்புப் படிவுக்கு வினிகரிலோ, மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை வெதுவெதுப்பான நீரில் கரைத்த கரைசலிலோ அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டுத் தேய்க்கலாம். கழிவறை கழுவும் அமிலத்தைப் பயன்படுத்த வேண்டாம். வலையைத் திரும்ப வைக்கும் முன், குழாயை ஒரு முறை திறந்து ஹோஸ் வழியாக வாளியில் தண்ணீர் விட்டு, ஹோஸுக்குள் இருக்கும் கசடையும் வெளியேற்றுங்கள். "எடுத்தால் தண்ணீர் வேகமாக வருகிறது" என்று வலையே இல்லாமல் ஓட்டுகிறவர்களும் உண்டு. மணல் நேராக வால்வின் டயஃப்ரம் என்னும் ரப்பர்ச் சவ்வுக்குள் போய், வால்வு முழுதாக மூடாமல், இயந்திரம் நிறுத்தியிருக்கும்போதும் தண்ணீர் உள்ளே ஒழுகத் தொடங்கும். அப்போது வால்வையே மாற்ற வேண்டிவரும்.

உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இதைச் செய்வது நல்லது.

திரையில் வரும் குறிகளுக்கு என்ன பொருள்?

எல்ஜி இயந்திரங்களில் "ஐஇ" (IE) என்பது, குறித்த நேரத்துக்குள் தண்ணீர் வேண்டிய மட்டத்தை எட்டவில்லை என்பதைக் குறிக்கும். சாம்சங்கில் அதற்கு "4சி" (4C) அல்லது "4இ" (4E) வரும். எல்ஜியில் "பிஇ" (PE) வந்தால் நீர்மட்ட சென்சாரில் கோளாறு, "ஓஇ" (OE) வந்தால் தண்ணீர் வடியவில்லை என்று பொருள். மற்ற நிறுவனங்களின் குறிகள் மாடலுக்கு மாடல் மாறுவதால் கையேட்டைப் பார்ப்பதே சரி. முதலில் சொன்ன குறி வந்தாலே வால்வு பழுது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். தண்ணீர் வந்து சேரவில்லை என்பதை மட்டுமே அந்தக் குறி சொல்கிறது, ஏன் வரவில்லை என்பதைச் சொல்வதில்லை.

தொட்டி காலியாகி மறுபடி நிரப்பிய பிறகு, தண்ணீர் விட்டுவிட்டு வருகிறது. ஏன்?

குழாய்க்குள் காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. ஏர் லாக் என்று பிளம்பர்கள் சொல்வது இதைத்தான். தொட்டி வறண்டபோது குழாய்க்குள் புகுந்த காற்று, குழாய் மேலேறி இறங்கும் வளைவுகளில் தங்கி, குறைந்த அழுத்தத்தில் வரும் தண்ணீரை மறிக்கிறது. அந்த லைனிலேயே மிகத் தாழ்வாக உள்ள குழாயைச் சில நிமிடங்கள் முழுவதும் திறந்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அடிக்கடி இப்படி ஆனால், தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் காற்றுக் குழாய் ஒன்றை மேல்நோக்கி வைக்கச் சொல்லி பிளம்பரிடம் கேளுங்கள். தொட்டியின் நீர்மட்டத்தைவிட உயரமாக அது நிற்க வேண்டும்.

பிரஷர் பம்ப் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். அதற்கு முன் செலவில்லாத, அல்லது குறைந்த செலவிலான வழிகள் உண்டு. தொட்டியடியில் உள்ள கேட் வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய கேட் வால்வுகளில் கைப்பிடி சுழன்றாலும் உள்ளே தகடு உயராமல் இருப்பதுண்டு. ஹோஸ் சுவரோடு நசுங்கி மடிந்திருக்கிறதா என்றும், ஆங்கிள் காக்கினுள் வாஷர் பிதுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் எல்லாக் குழாய்களுக்கும் ஒரே அரை அங்குல லைன் போகிறது என்றால், தொட்டியிலிருந்து இயந்திரத்துக்கு மட்டும் தனியாக முக்கால் அங்குல லைன் போடுவது நிலையான தீர்வு. முடிந்தால் தொட்டியின் மேடையை ஒரு மீட்டர் உயர்த்துவதும் பயன் தரும். அந்த ஒரு மீட்டருக்கு 0.1 பார் கிடைக்கும். ஆனால் நிறைந்த தொட்டியின் எடையைத் தாங்குமா என்று கட்டட வேலை தெரிந்தவரிடம் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

இவையெல்லாம் செய்தும் போதாதபோது பம்ப் வைக்கலாம். குழாய் திறந்தவுடன் தானே ஓடி, மூடினால் நிற்கும் ஃப்ளோ ஸ்விட்ச் உள்ள சிறிய பம்ப் போதும். தொட்டிக்குப் பிறகு வரும் லைனில்தான் அதைப் பொருத்த வேண்டும். தெருக் குழாயிலிருந்து வரும் இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது சட்டத்துக்குப் புறம்பானது, அண்டை வீட்டாருக்கும் அநியாயம். பம்பின் அழுத்தம் கையேட்டில் உள்ள உச்ச வரம்பைத் தாண்டக் கூடாது என்பதையும், பழைய இரும்புக் குழாய்களில் புதிதாகக் கசிவு தோன்றலாம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள், கையேட்டிலோ பெட்டியிலோ குறைந்தபட்ச நீரழுத்தம் எவ்வளவு என்று பார்த்து வாங்குவது நல்லது. வேர்ல்பூல் நிறுவனம் சில மாடல்களை 0.017 மெகாபாஸ்கல், அதாவது 0.17 பார் அழுத்தத்திலும் நிரம்பும் என்று சொல்லி விற்கிறது. மேல்தளத்து வீடுகளுக்குக் கடைக்காரர் சொல்லும் வேறு எந்தச் சிறப்பம்சத்தைவிடவும் இந்த எண் முக்கியம்.

வலை சுத்தம், அழுத்தமும் போதும். அப்படியும் தண்ணீர் வரவில்லை என்றால்?

இனி இன்லெட் வால்வைச் சந்தேகிக்கலாம். நிரம்ப வேண்டிய நேரத்தில் இயந்திரத்தின் பின்பக்கம் காதை வைத்துக் கேளுங்கள். மெல்லிய "ம்ம்" என்ற ஒலி வந்தும் தண்ணீர் வரவில்லை என்றால், வால்வைத் திறக்கும் கம்பிச் சுருளுக்கு மின்சாரம் வருகிறது. டயஃப்ரம் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது அதன் நுண்துளை உப்பால் அடைத்திருக்கலாம். ஒலியே இல்லை என்றால் சுருள் எரிந்திருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், அல்லது போர்டிலிருந்து மின்சாரம் வராமல் இருக்கலாம். அடிப்பக்கம் திறந்திருக்கும் இயந்திரங்களில் எலி புகுந்து ஒயரைக் கடிப்பது நம் ஊரில் சாதாரணமாக நடப்பதுதான். 230 வோல்ட் வால்வுகளின் சுருளில் மல்டிமீட்டர் பொதுவாகச் சில ஆயிரம் ஓம் காட்டும். முடிவில்லா மின்தடை காட்டினால் சுருள் அறுந்துவிட்டது என்று கொள்ளலாம். பிளக்கைப் பிடுங்காமல் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. மின்வேலை தெரியாதவர்கள் பின்பலகையைத் திறக்காமல் இருப்பதே நல்லது. வாரண்டி உள்ள இயந்திரமானால், திறந்தால் அது செல்லாமல் போகவும் கூடும்.

மாலையில் மின்னழுத்தம் மிகவும் இறங்கும் பகுதிகளில், நல்ல வால்வும் முழுதாகத் திறக்காமல் முனகிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறதா என்று பார்த்தால் இது தெரிந்துவிடும்.

தண்ணீர் வேகமாகத்தான் வருகிறது. ஆனால் துணி மூழ்குவதற்குள் நின்றுவிடுகிறது. இது கோளாறா?

எப்போதும் அல்ல. இயந்திரம் தண்ணீர் விடுவதற்கு முன், டப்பின் அடியில் சுழலும் தட்டான பல்சேட்டரைச் சில முறை உலர்ந்த துணியோடு சுழற்றி, சுமையை மதிப்பிட்டு, நீர்மட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஸ்டார்ட் அழுத்தி, தண்ணீர் விழத் தொடங்கிய பிறகு "இதையும் போட்டுவிடலாம்" என்று நான்கு சட்டைகளைச் சேர்த்தால், அது முதலில் கணித்த மட்டத்திலேயே நிற்கும். போர்வை, ஜமுக்காளம் போன்றவை எடைக்கு மேல் தண்ணீரை உறிஞ்சுவதால் அங்கேயும் மட்டம் போதாமல் போகும். பல இயந்திரங்கள் சற்று நேரம் சுழற்றிவிட்டு, மட்டம் இறங்கியதை உணர்ந்து மறுபடி தண்ணீர் எடுத்துக்கொள்ளும். ஆகையால் முதல் ஐந்து நிமிடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நீர்மட்டத்தை நாமே உயர்த்தும் பொத்தான் இருந்தால், கனமான துணிகளுக்கு அதைப் பயன்படுத்துங்கள். இடையில் வரும் ஷவர் அலசலில் டப் நிரம்பாது, தண்ணீர் தெளிக்க மட்டுமே செய்யும். அதுவும் குறையல்ல.

உச்ச மட்டத்தைத் தேர்ந்தெடுத்து, துணியே இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் அடியில் ஒரு சாண் அளவுதான் நிரம்புகிறது என்றால், நீர்மட்ட சென்சார் பக்கம் கோளாறு இருக்கிறது.

நீர்மட்ட சென்சார் எப்படி ஏமாறுகிறது?

டப்பின் அடிப்பகுதியில் ஒரு சிறு காற்றறை இருக்கிறது. கவிழ்த்த டம்ளரை வாளித் தண்ணீருக்குள் அழுத்தினால் உள்ளே காற்று அகப்படுவதைப் போல, தண்ணீர் ஏற ஏற அந்த அறைக்குள் காற்று இறுகுகிறது. அந்த இறுக்கம் ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய் வழியாக மேலே உள்ள சென்சாருக்குப் போய்ச் சேர்கிறது. சென்சார் தண்ணீரைத் தொடுவதே இல்லை, காற்றின் அழுத்தத்தை மட்டுமே படிக்கிறது.

காற்றறையின் வாயில் சோப்புக் கசடும் பஞ்சும் அடைத்துக்கொண்டால், முந்தைய சலவையின்போது உள்ளே இறுகிய காற்று, தண்ணீர் வடிந்த பிறகும் வெளியேறாமல் தங்கிவிடும். டப் காலியாக இருந்தாலும் "ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது" என்று சென்சார் சொல்லும். இயந்திரம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நிறுத்திவிடும். மெல்லிய குழாய் மடிந்து நசுங்கினாலும் இதே விளைவு ஏற்படலாம். மாறாக, குழாயில் ஓட்டை விழுந்தால் காற்று கசிந்து, தண்ணீர் அளவுக்கு மீறி நிரம்பும். ஆகவே குறைவாக நிரம்பும் இயந்திரத்தில் குழாய் ஓட்டை என்று யாராவது சொன்னால், அந்த விளக்கம் பொருந்தாது.

பவுடரை அளவுக்கு மீறிப் போடும் வீடுகளில்தான் இந்த அடைப்பு மிகுதி. டப் கிளீன் புரோகிராமை, அதற்கென விற்கும் தூளோடு ஓட்டிப் பாருங்கள். தீரவில்லை என்றால், குழாயைக் கழற்றிக் காற்றறையைச் சுத்தம் செய்யும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். கைதேர்ந்தவருக்கு அது சிறிய வேலை. சென்சாரை மாற்றுவதற்கு முன் இதைச் செய்யும்படி வற்புறுத்திக் கேளுங்கள்.

நிரம்பிய தண்ணீர் தானாக இறங்கிவிடுகிறது. என்ன செய்வது?

நிரம்பும்போதே வடிகுழாயின் முனையைப் பாருங்கள். தண்ணீர் கசிந்தால் ட்ரெய்ன் வால்வு முழுதாக மூடவில்லை. சட்டைப் பையில் மறந்த நாணயம், ஊக்கு, கூந்தல் கிளிப், பிய்ந்த பொத்தான் ஆகியவற்றில் ஏதோ ஒன்று அதன் ரப்பரில் சிக்கியிருக்கும். பம்ப் மூலம் தண்ணீரை வெளியேற்றும் மாடல்களில் வடிகுழாயைக் கையேடு சொல்லும் உயரத்தில் மாட்ட வேண்டும். தரையில் போட்டுவிட்டால், நிரம்ப நிரம்பத் தண்ணீர் தானே வெளியேறிக்கொண்டிருக்கும். பம்ப் இல்லாமல், வால்வைத் திறந்து தண்ணீரை வடியவிடும் வால்வு மோட்டார் உள்ள மாடல்களில் மட்டுமே குழாய் தரையோடு கிடக்கலாம்.

குளிர்நீர், வெந்நீர் என இரண்டு நீர்வாய்கள் இருக்கின்றன. ஒன்றில் மட்டும்தான் ஹோஸ் மாட்டியிருக்கிறோம். அது காரணமாகுமா?

ஆகும். வெந்நீரோ கலப்பு நீரோ தேர்வாகியிருந்தால், இணைப்பு இல்லாத வால்வைத் திறந்துவிட்டு இயந்திரம் காத்திருக்கும். குளிர்நீரைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது.

அதுவரை வாளியால் தண்ணீர் ஊற்றித் துவைக்கலாமா?

தாராளமாக ஊற்றலாம். சென்சார் தண்ணீரின் மட்டத்தைத்தான் பார்க்கிறது, அது எந்த வழியாக வந்தது என்று பார்ப்பதில்லை. வேண்டிய மட்டம் வந்தவுடன் சலவை தொடங்கிவிடும். பொத்தான்கள் உள்ள பலகையின் மேல் தண்ணீர் படாமல் டப்புக்குள் நேராக ஊற்றுங்கள். ஒவ்வோர் அலசலுக்கும் மறுபடி ஊற்ற வேண்டியிருக்கும். முதுகுவலி உள்ளவர்கள் இதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

மெக்கானிக்கை அழைக்கும்போது என்னென்ன சொல்ல வேண்டும்?

வாளிச் சோதனையில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வந்தது, வலையைச் சுத்தம் செய்தாயிற்றா, வால்வில் ஒலி வருகிறதா, காலி டப்பில் உச்ச மட்டம் வைத்தபோது எதுவரை நிரம்பியது, வடிகுழாயில் கசிவு உண்டா, திரையில் என்ன குறி வந்தது ஆகியவற்றைச் சொல்லுங்கள். மாடல் எண்ணையும் சொன்னால், அவர் பொருத்தமான வால்வை வரும்போதே எடுத்து வரலாம். ஏதேனும் பாகத்தை மாற்றினால், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.